ஒரு தலைக்கட்டு, எட்டு லாரி

சூரங்குளம்,
2.2.2025, ஞாயிறு காலை

என் செல்விக்கு,

யுவராணி எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் சுகம். உன் சளி போய்விட்டதா? போன கடிதத்தில் பாதிப் பக்கம் தும்மல்தான் இருந்தது.

உங்கள் ஹாஸ்டலில் போனைத் தொடவிடாதது எனக்கு ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. போனில் என்றால் "சாப்ட்டியா", "ம்" என்று முடிந்துவிடும். இதில் நான்கு பக்கம் பேசலாம், நடுவில் நீ குறுக்கே பேச முடியாது. இதையும் வழக்கம்போல உன்னைப் பார்க்க வரும் உங்கப்பாவிடம்தான் கொடுத்துவிடுகிறேன். ஆனால் இந்த முறை நான்கு ஓரமும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

நேற்று சாயங்காலம் சாவடியில் ஊர்க்கூட்டம். பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி போடுவதற்காக. அங்கே பெண்கள் உட்காருவதில்லை என்பதால் நான் பக்கத்துக் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கேட்கிற சுவாரசியத்தில் குடம் நிரம்பி வழிந்ததைக் கவனிக்கவில்லை. பணியாரக் கடை ஜக்கம்மாள் அக்கா, "ஏ புள்ள, கண்மாயே காஞ்சு கெடக்கு, நீ ரோட்டுக்குத் தண்ணி பாய்ச்சுறியா?" என்று சத்தம் போட்டதும்தான் குழாயை மூடினேன்.

விஷயம் இதுதான். நம் மாலைப் படிப்பகம் கண்மாய்க் கருவேல மரத்தை ஏலம் விட்ட காசில்தான் இத்தனை வருடம் நடந்தது. போன வருடமே மொத்தத்தையும் கரிக்கு வெட்டிவிட்டார்கள். இப்போது முளைத்திருப்பது என் இடுப்புக்குக்கூட வராது. அதனால் இந்த வருடம் ஏலம் கிடையாது. வரவு செலவு பார்க்கும் சங்கையா எழுந்து, "ஒண்ணு, தலைக்கட்டுக்கு ஐந்நூறு ஏத்தணும். இல்ல, படிப்பகத்த நிப்பாட்டணும். பொங்கல நிப்பாட்ட முடியாது" என்று சொன்னார். இப்போதைய ஆயிரத்து ஐந்நூறுக்கே பலபேர் பங்குனி வரை இழுப்பார்கள். "ஏத்தாதீக, நிப்பாட்டிருங்க" என்று நாலைந்து குரல் வந்தது. மார்ச் கடைசியில் இன்னொரு கூட்டம் போட்டு முடிவு செய்வார்களாம்.

செல்வி, எனக்கு அடுத்த வருடம் பத்தாவது. எங்கள் வீட்டில் ஒரே அறை என்பது உனக்குத் தெரியும். அதில் டிவி, தையல் மிஷின், தம்பி. படிப்பகத்தில் எனக்கு வெளிச்சம் இருக்கிறது, கணக்கு சொல்லித்தர பாண்டீஸ்வரி அக்கா இருக்கிறார், ஆறு மணிக்கு ஒரு கை சுண்டல் இருக்கிறது. என்னைப் போல இருபத்தேழு பேர்.

நான் இப்போதே பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை வாங்கிப் படிக்கிறேன் (சிரிக்காதே). அதில் வரி பற்றி ஒரு பாடம். வருமானம் கூடக்கூட வரி வீதமும் கூடினால் வளர்விகித வரி. நம் ஊரில் அப்படியில்லை. கல்யாணம் ஆன ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, எல்லாருக்கும் ஒரே தொகை. சென்ட்ரிங் வேலைக்குப் போகிற எங்கப்பாவும் ஒரு தலைக்கட்டு. எட்டு லாரி வைத்திருக்கும் உங்கப்பாவும் ஒரு தலைக்கட்டு. இது சரியா? இருக்கிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தால் படிப்பகம் நிற்காது அல்லவா?

கோபப்படாதே. உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

உன்
யுவி


அருப்புக்கோட்டை,
9.2.2025

அடியே வாத்தியாரம்மா,

சளி போய்விட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் காய்ச்சல் வந்தது.

அப்பா கடிதத்தை நீட்டும்போது என்ன சொன்னார் தெரியுமா? "என்ன தாயி, உன் கூட்டாளி இதுக்குள்ள சோறு கட்டிக் குடுத்திருக்கா?" நான் அங்கேயே சிரித்துவிட்டேன். ரூமுக்கு வந்து பிரித்த பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. யாரிடம் கூட வரி வாங்க வேண்டும் என்கிறாயோ அவரிடமே அந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்ப உன்னால்தான் முடியும்.

சரி, எனக்கும் சொல்ல இருக்கிறது. எட்டு லாரி என்று எல்லாரும் எண்ணுகிறீர்கள். அதில் ஐந்து இன்னும் லோனில் ஓடுகிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை. டீசல், டயர், இன்சூரன்ஸ், டோல் எல்லாவற்றிலும் அப்பா வரி கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். நம் ஊர்ப் பையன்கள் பதினோரு பேர் அந்த லாரிகளில் வேலை பார்க்கிறார்கள். படிப்பகத்தில் சுற்றுகிற மூன்று ஃபேனும் அவர் வாங்கிப் போட்டது. அதெல்லாம் உன் பாடத்தில் இல்லையா?

அப்பாவிடம் "படிப்பகத்துக்குக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டால் நன்கொடையாக இந்த வருடமே கொடுத்துவிடுவார். "நீ பணக்காரன், நீ கூடக் கட்டு" என்றால் எப்படி இருக்கும்? உழைத்ததற்கு அபராதம் மாதிரி இல்லையா? அப்புறம் ஒருநாள் அவர் லாரி ஷெட்டை பாளையம்பட்டிக்கு மாற்றிவிட்டால் அந்த ஒரு தலைக்கட்டும் போய்விடும்.

கூட்டத்தில் செலவைக் குறைக்கச் சொல். போன வருடம் வாணவேடிக்கைக்கு எவ்வளவு ஆயிற்று? சோணைமுத்து மாமாவின் வைக்கோல் படப்பு எரிந்ததுதான் மிச்சம்.

உன் கடிதத்தில் "உங்கப்பா" என்று இரண்டு இடத்தில் இருந்தது. "நீ எப்படி இருக்கிறாய்" என்று ஒரு இடத்தில்கூட இல்லை. சளி பற்றி மட்டும்தான் கேட்டிருந்தாய்.

தங்கச்செல்வி


சூரங்குளம்,
16.2.2025

என் செல்விக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இதை முதலில் எழுதிவிட்டேன். நீ "தங்கச்செல்வி" என்று முழுப்பெயர் போட்டுக் கையெழுத்து வைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படி இனிமேல் வைக்காதே.

ஐந்து லாரி லோனில் இருப்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் எழுதியது தப்பு. ஆனால் நன்கொடை பற்றி நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். இந்த வருடம் உங்கப்பா கொடுத்தால் அடுத்த வருடம்? ஒவ்வொரு பங்குனியும் யாராவது போய் அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அவருக்கு மனசு இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் இல்லை. வரி என்றால் யாரும் யார் வாசலிலும் நிற்க வேண்டாம். வாணவேடிக்கையை நிறுத்தலாம் என்பது நல்ல யோசனை. ஆனால் அது மட்டும் போதாது என்று பாண்டீஸ்வரி அக்கா சொல்கிறார்.

நீ என்னோடு சண்டை போட்டதை நான் எதிர்பார்த்தேன். எங்கப்பாவே சண்டை போடுவார் என்று எதிர்பார்க்கவில்லை!

ராத்திரிச் சாப்பாட்டில் வளர்விகித வரியை விளக்கினேன். நமக்குக் குறையும், லாரி அண்ணாச்சிக்குக் கூடும் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தட்டில் கை நின்றுவிட்டது.

"யாரு கேட்டா உன்ன?" என்றார்.

"இல்லப்பா, நமக்கு நல்லதுதான…"

"எங்கப்பா காலத்துல நம்மகிட்ட வரி வாங்கினதில்ல தெரியுமா? பாவம், கூலிக்காரன், குடுக்கிறதக் குடுன்னு விட்டுட்டாக. பொங்கல் முடிஞ்சு தேங்காமூடியும் பழமும் பங்கு வைக்கையில நம்ம பேரக் கூப்பிடவும் மாட்டாக. இன்னைக்கி அண்ணாச்சி ஆயிரத்தைந்நூறு, நானும் ஆயிரத்தைந்நூறு. அவுக பேரக் கூப்பிட்ட வாயால என் பேரையும் கூப்பிடுறாக. நாளைக்கி அவுக பத்துப் பங்கு குடுத்தா, சாவடியில பத்து வாய் பேசுவாக. நான் வாய மூடிட்டு உக்காரணுமா?"

அம்மாதான், "அந்தப் புள்ள புஸ்தகத்துல இருக்கிறதச் சொல்லுது, நீங்க கொழம்ப ஊத்திக்கோங்க" என்று முடித்து வைத்தார்.

மறுநாள் பணியாரம் வாங்கப் போனபோது ஜக்கம்மாள் அக்காவிடம் சொன்னேன். அவர் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது அல்லவா? விதவை வீடு என்றால் அரைத் தலைக்கட்டு என்று ஊரில் எழுதுவார்களாம். அரை வரி. இதுவரை நான் கவனித்ததே இல்லை. உடனே எனக்குள் மணி அடித்தது. பார், எல்லாருக்கும் ஒரே வரி என்பது இப்போதும் உண்மை இல்லை. அரை இருக்கிறது என்றால் ஒன்றரையும் இரண்டும் ஏன் இருக்கக் கூடாது? இதை அக்காவிடம் துள்ளிக்கொண்டு சொன்னேன்.

அவர் பணியாரத்தைக் குத்தித் திருப்பிக்கொண்டே, "அரைன்னு யாரு கேட்டா? எனக்கு முழுசா போடச் சொல்லு. கடன் வாங்கியாவது கட்டுறேன்" என்றார். "வருசா வருசம் 'ஜக்கம்மா, அரை'ன்னு மைக்குல கூப்பிடுறான். போய் அரைப் பங்க வாங்கிட்டு வாரேன். நான் என்ன அரை மனுசியா?"

குறைந்த வரி கட்டுவதில் வருத்தம் இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை, செல்வி. எனக்கு எல்லாம் குழம்பிவிட்டது. படிப்பகம் வேண்டும் என்பது மட்டும் குழம்பவில்லை.

இந்தக் கடிதத்தை ஒட்டவில்லை. மடித்து மட்டும் கொடுக்கிறேன். உங்கப்பா படித்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

உன்
யுவி


அருப்புக்கோட்டை,
2.3.2025

யுவி,

அப்பா படிக்கவில்லை. "ஒட்டாம குடுத்துட்டா, மறந்துட்டா போல" என்று நீட்டினார். ஆகவே நானே பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, உங்கப்பா பேசியதையும் ஜக்கம்மாள் அக்கா பேசியதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். முதல் கடிதத்தின் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். திட்டாதே.

"யாரு கேட்டா உன்ன?" வரைக்கும் சிரித்தார். "பத்து வாய்" என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. வறுத்த கடலையை உடைத்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. பிறகு சொன்னார்: "நான் கூடக் குடுத்தா எனக்கு மருவாதி கூடிருமோன்னு யுவி அப்பன் சோலை பயப்படுறான். நான் ஒருதடவ கூடக் குடுத்தா வருசா வருசம் ஏத்திக்கிட்டே போவாகளோன்னு நான் பயப்படுறேன். ரெண்டு பேருமே வாயத் தொறந்து சொன்னதில்ல."

"அப்ப என்ன செய்யலாம்பா?" என்றேன். "கூட்டம் வரட்டும்" என்றார். அவ்வளவுதான். எங்கப்பாவிடம் லோடு ஏற்றலாம், வார்த்தை இறக்க முடியாது.

நான் இன்னும் உன் கட்சி இல்லை. அபராதம் மாதிரி இருக்கக் கூடாது என்பதில் உறுதி. ஆனால் ஒன்று எழுத வேண்டும். இங்கே தினமும் ஆறிலிருந்து எட்டரை வரை ஸ்டடி. பெரிய ஹால், சந்தேகம் கேட்க இரண்டு மிஸ், ஏழு மணிக்குப் பால். பாதி நாள் நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன். அப்பா இதற்கு எவ்வளவு கட்டுகிறார் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். உன் படிப்பகத்தின் ஒரு வருடச் செலவைவிட அதிகம், யுவி. ஒருத்திக்கு.

அன்றிலிருந்து கோலம் போடவில்லை. இதை அப்பாவிடம் சொல்லாதே, உடனே ரேங்க் எதிர்பார்ப்பார்.

ஒரு யோசனை. வரி கூடினாலும் பங்கு ஒன்றே ஒன்றுதான் என்று முதலிலேயே பேசிவிட்டால் உங்கப்பாவுக்குச் சரியாக இருக்குமா?

செல்வி (பார், பாதிப்பெயர்தான்)


சூரங்குளம்,
23.3.2025

என் செல்விக்கு,

கை வலிக்கும்வரை எழுதப் போகிறேன். நேற்று கூட்டம் முடிந்தது.

இந்தத் தடவை நான் குடம் கொண்டுபோகவில்லை. நான், அம்மா, பாண்டீஸ்வரி அக்கா, ஜக்கம்மாள் அக்கா, இன்னும் ஒரு பத்துப் பேர் சாவடிக்குப் பக்கவாட்டில் நின்றோம். சங்கையா, "என்ன, இன்னைக்கித் தண்ணி வரலையா?" என்றார். "வந்துச்சு, நாங்களும் வந்தோம்" என்றார் ஜக்கம்மாள் அக்கா.

முதலில் வாணவேடிக்கையை எடுத்துவிட்டார்கள். சோணைமுத்து மாமா இரண்டு கையையும் தூக்கினார். அதற்குப் பிறகும் பெரிய தொகை குறைந்தது. "படிப்பகத்த ஒரு வருசம் நிப்பாட்டுவோம், மரம் வளரட்டும்" என்றார் சங்கையா.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. "மரம் வளர்ற வரைக்கும் நாங்க வளராம இருக்க முடியுமா?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். அப்பா முகத்தைப் பார்க்கவே இல்லை நான்.

உங்கப்பா மெதுவாக எழுந்தார். "இந்த வருசச் செலவ நானே பாத்துக்கிறேன், கூட்டத்த முடிங்க" என்றார். கைதட்டினார்கள். அப்போது எங்கப்பா எழுந்தார்.

"அண்ணாச்சி தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க காசுல எம்புள்ள படிச்சா, நாளைக்கி உங்க முன்னாடி நான் பேச முடியாது. நானும் குடுக்கணும். ஆனா உங்க அளவுக்கு என்னால முடியாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

பிறகு உங்கப்பாதான், "பொங்க வரி தலைக்கட்டுக்கு ஒண்ணா இருக்கட்டும், பங்கும் ஒண்ணா இருக்கட்டும், சோலை. அதுல கை வைக்க வேணாம். படிப்பகத்துக்குத் தனியா, அவங்கவங்க வண்டிச் சக்கரத்த எண்ணுவோம். இருக்கிற சக்கரத்துக்குத் தக்கன" என்றார்.

கொஞ்ச நேரம் ஒரே கூச்சல். மூன்று லாரி வைத்திருக்கும் பாண்டீஸ்வரன், "அண்ணாச்சி, உங்க லாரி ஒவ்வொண்ணும் பத்துச் சக்கரம், தெரிஞ்சுதான் பேசுறீகளா? என்னையும் சேத்துல்ல இழுக்குறீக!" என்று கத்தினார். செல்வக்குமார், "என் டிராக்டர் முன் சக்கரம் சின்னது, அதுக்கு அரைதான்" என்றான். "அப்ப உன் வாய் பெருசு, அதுக்கு ரெண்டு" என்று யாரோ சொன்னார்கள். சங்கையா சக்கரத்துக்கு இருநூறு என்றார். உடனே உங்கப்பா உங்கப்பாவாகிவிட்டார். "இருநூறெல்லாம் ஆகாது. டயர் என்ன வெல விக்குது? நூத்தைம்பது. ஸ்டெப்னியக் கணக்குல சேக்கக் கூடாது. வருசா வருசம் ஏத்தவும் கூடாது" என்று அரைமணி நேரம் பேசி முடித்தார்.

அவருக்கு லாரி, கார், இரண்டு பைக் எல்லாம் சேர்த்து மொத்தம் எண்பத்தெட்டுச் சக்கரம் வந்தது. எங்கப்பாவின் டிவிஎஸ்ஸுக்கு இரண்டு. வண்டியே இல்லாத பதினாறு வீட்டுக்கு ஒன்றுமில்லை. தலைக்கட்டுக்கு ஐந்நூறு என்றிருந்தால் அந்தப் பதினாறு வீடுதான் முதலில் திணறியிருக்கும். உனக்குச் சொல்கிறேன், இது வளர்விகித வரி அல்ல. சக்கரத்துக்கு ஒரே வீதம் என்பதால் விகிதாச்சார வரி. புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன்.

எங்கப்பா கடைசியாக, "பேரு எழுதி போர்டு வப்பீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"வரிக்கு எவன்டா போர்டு வப்பான்?" என்றார் உங்கப்பா. சாவடியே சிரித்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நேற்றுதான் பார்த்தேன்.

கலையும் நேரத்தில் ஜக்கம்மாள் அக்கா முன்னால் வந்தார். "என் தள்ளுவண்டிக்கும் நாலு சக்கரம் இருக்கு, எழுதுங்க" என்றார். "எஞ்சின் இல்லாத சக்கரத்துக்கு வரி இல்ல தாயி" என்றார் சங்கையா. "அப்ப என் தலையவாவது முழுசா எழுதுங்க" என்றார். சங்கையா கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தரையைப் பார்த்தது. அப்புறம் பேனாவை எடுத்து, அரையை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். திரும்பி வரும்போது அக்கா, "ஏ புள்ள, எழுநூத்தைம்பது ரூவா கூடிப்போச்சுடி" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான்.

முழுக்க ஜெயித்தோம் என்று சொல்ல மாட்டேன். உங்கப்பா ஐம்பது ரூபாயைக் குறைத்ததில் சுண்டல் வாரத்துக்கு மூன்று நாள் என்று ஆகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள். ஆனால் படிப்பகம் இருக்கிறது, செல்வி. இருக்கிறது!

வீட்டுக்கு வந்ததும் அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். "அவ்ளோ பேரு முன்னாடி கத்துறதுன்னா எந்திரிச்சு நின்னு கத்தணும், அம்மா முதுகுக்குப் பின்னாடி நின்னுட்டுக் கத்தக் கூடாது" என்றார்.

உன்
யுவி


அருப்புக்கோட்டை,
6.4.2025

யுவிக்கு,

எண்பத்தெட்டு! அப்பா அம்மாவிடம் அதை மாற்றி மாற்றிச் சொல்கிறாராம். ஒருநாள் அநியாயம் என்பாராம், ஒருநாள் ஊரிலேயே அதிகம் என்பாராம். அம்மா அதற்கு, "நம்ம கார வித்துட்டா நாலு கொறையும், நடந்து போங்க" என்றாராம்.

நான் இன்னும் ஒன்று சொல்வேன். காரை எண்ணியது தப்பு. அது சம்பாதிக்கிற வண்டி இல்லை. இதற்கு நீ பதில் எழுத ஆரம்பித்தால் இன்னும் நான்கு பக்கம் போகும் என்று தெரியும், அதனால் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஆமாம், நேரில். இருபத்தெட்டாம் தேதி லீவு விடுகிறார்கள். வழக்கமாக லீவில் எனக்கு மதுரையில் கோச்சிங் போடுவார். இந்த முறை பேச்செடுத்ததும் அப்பா, "எதுக்கு? எண்பத்தெட்டுச் சக்கரத்துக்குக் கட்டிட்டு வந்திருக்கேன், அங்க போய் உக்காந்து படி" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் இரண்டு நாள் யோசித்தேன். யுவி, நான் அந்தப் படிப்பகத்துக்குள் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. உன்னைக் கூப்பிட வருவேன், வாசலில் நின்று கை காட்டுவேன், அவ்வளவுதான். ஃபேன் வாங்கிக் கொடுத்தோம், அந்த ஃபேனுக்குக் கீழே ஒருநாளும் உட்காரவில்லை. அது உங்களுக்கானது, எனக்கில்லை என்று நானாகவே வைத்துக்கொண்டேன். யார் சொன்னார்கள் என்று யோசித்தால் யாருமே சொல்லவில்லை.

வரலாமா? பாண்டீஸ்வரி அக்காவிடம் கேட்டுச் சொல். பிள்ளைகள் ஒரு மாதிரி பார்ப்பார்களா? நாற்காலி எல்லாம் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டால் நான் வாசலோடு திரும்பிவிடுவேன்.

உன்
செல்வி


சூரங்குளம்,
13.4.2025

செல்வி,

அக்காவிடம் கேட்டேன். "கேக்கணுமா, வரச் சொல்லு, அல்ஜிப்ரா தெரியுமான்னு மட்டும் கேளு" என்றார். உனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். பொய்யாக்கிவிடாதே.

பிள்ளைகள் முதல் நாள் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் உன் ஜாமென்ட்ரி பாக்ஸைக் கேட்பார்கள். மூன்றாம் நாள் திருப்பித் தரமாட்டார்கள். நாற்காலியே அங்கு கிடையாது, பயப்படாதே. பாய்தான். ஆறு மணிக்கு மேல் வந்தால் வாசல் பக்கம்தான் இடம் கிடைக்கும், கொசு கடிக்கும், யாருக்கும் முன்கூட்டியே இடம் போட்டு வைக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவள் நான்தான்.

அதனால் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடு. நானும் அப்போதுதான் வருவேன். ஒன்றாக உள்ளே போகலாம்.

யுவி